அரை டாக்டரா? முழுச் சாவா?

தருமபுரி ஜில்லா பென்னாகரம் பக்கத்தில் கோட்டூர் மலை என்று ஒரு மலைக் கிராமம் உண்டு. தேர்தல் வந்துவிட்டால் அந்த ஊருக்கு ஓட்டு இயந்திரம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைப் பத்திரிகை படிக்கிறவர்கள் அறிவார்கள். கழுதையின் முதுகில் ஏறிப் போகிறது. 2024-ம் வருஷத்துப் பார்லிமெண்ட் தேர்தலிலும், அதற்கு முந்திய தேர்தல்களிலும் கழுதைகளின் மேல் இயந்திரங்களைக் கட்டி, உத்தியோகஸ்தர்களும் போலீசாரும் பின்னால் நடந்து மலையேறினார்கள். ஒருவருடைய ஓட்டும் வீணாகக்கூடாது என்கிற அந்தக் கவலையை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் மலையிலிருந்து ஓட்டை எடுத்து வருவதற்கு வழி கண்டுபிடிக்கத் தெரிந்த சர்க்காருக்கு, அந்த ஓட்டைப் போட்டவள் பிரசவ வேதனையில் துடிக்கும்போது பக்கத்தில் இருக்கும்படி விஷயம் தெரிந்த ஒரு ஆளை அங்கே வைப்பதற்கு மாத்திரம் வழி தெரியாமல் போனதேன் என்றுதான் கேட்கிறோம்.

"டாக்டர்கள் மலைக்குப் போவதில்லை, நாங்கள் என்ன செய்வது?" என்று பதில் சொல்லப்படும். டாக்டர்கள் போவதில்லை என்பது உண்மைதான். அதற்காக அவர்களை வைவதில் நமக்கு இஷ்டமில்லை. பட்டணத்தில் பிறந்து, பட்டணத்தில் படித்து, பட்டணத்து ஆஸ்பத்திரியின் இயந்திரங்களை நம்பியே வைத்தியம் பழகிய ஒருவரை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் பெண்ஜாதிக்கு வேலையும் இல்லாத இடத்திற்கு ஓர் உத்தரவைக் கொண்டு அனுப்பினால் அவர் எத்தனை நாள் தங்குவார்? மாறுதல் கேட்டு மனுப்போட்ட நாள் முதல் அவர் உடம்பு மலையிலும் மனம் சேலத்திலும்தான் இருக்கும். எங்கோ ஒருவர் இருவர் தியாகம் செய்து தங்கிவிடுகிறார்கள். தங்குகிறவர்களை மெச்சுவோம். ஆனால் ஒரு ஜில்லாவின் உயிரைத் தனி மனிதரின் தியாகத்தில் கட்டித் தொங்கவிடுவதற்குப் பெயர் நிர்வாகமாகாது.

அப்படியானால் வேறு வழி உண்டா? உண்டு. அதைத் தேடிச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. அரூருக்கு அப்பால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் சித்திலிங்கி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே பெரும்பாலும் மலையாளிகள் இருக்கிறார்கள். (மலையாளிகள் என்றவுடன் கேரளத்தை நினைக்க வேண்டாம், தமிழ் பேசும் மலைவாசிகளுக்கே அந்தப் பெயர்.) லம்பாடிகளும் இருக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் இவர்களுக்கு அருகிலிருந்த ஆஸ்பத்திரி அரூரில், ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்க வேண்டுமானால் சேலத்துக்கோ தருமபுரிக்கோ போக வேண்டும். அந்தக் காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த 1000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்குள் மாண்டுபோயின என்பது கணக்கு.

அந்த மலைகளுக்குச் சர்க்காரே எட்டிப் பார்த்ததில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1992-ம் வருஷம் ஜூன் 20-ந் தேதி சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குக் காட்டிலாகாவும், போலீசும், ரெவின்யூ இலாகாவும் சேர்ந்து படையெடுத்துப் போனதை நாடறியும். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று போனவர்கள் 18 பெண்களைக் கற்பழித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் 2011-ல் தருமபுரிக் கோர்ட்டு தண்டித்தது. 2023-ல் ஹைக்கோர்ட்டு அதை உறுதி செய்தது. ஆக, மலையடிவாரத்துக்கு இருநூற்றுக்கு மேற்பட்ட உத்தியோகஸ்தர்களை ஒரே நாளில் அனுப்ப வழி இருந்தது. ஒரு தாதியை அனுப்பத்தான் வழி இல்லை!

இந்த நிலைமையில், 1993-ல், டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி என்ற தம்பதிகள் காந்திகிராமத்து ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுச் சித்திலிங்கிக்கு வந்து, ஒரு குடிசையில் வைத்தியத்தைத் தொடங்கினார்கள். இன்றைக்கு அது 35 படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி. இவ்வளவுதான் விஷயமென்றால் நாம் இதைப் பற்றி எழுத மாட்டோம். இரண்டு நல்ல டாக்டர்கள் வந்தார்கள், நல்லது செய்தார்கள் என்று ஒரு பாராட்டோடு முடிந்துவிடும். அவர்கள் செய்ததில் நமக்கு முக்கியமாகப்படுவது வேறு. அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து பள்ளிப் படிப்போடு நின்றுபோன பெண்களைச் சேர்த்து, அவர்களுக்கு வைத்திய வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் பிரசவம் பார்க்கிறார்கள். சாதாரண வியாதிகளைக் கண்டு மருந்து கொடுக்கிறார்கள். ரத்தமும் சளியும் சோதிக்கிறார்கள். சத்திர சிகிச்சை நடக்கும்போது டாக்டருக்குப் பக்கத்தில் நின்று உதவுகிறார்கள். எது தங்கள் கைக்கு மிஞ்சிய கேஸ் என்பதையும் அறிந்து டாக்டரைக் கூப்பிடுகிறார்கள். இவர்களைத் தவிர, ஒவ்வொரு சிற்றூரும் தன்னில் ஒரு நடுவயதுப் பெண்மணியைப் பொறுக்கிக் கொடுத்தது. அவர்கள் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவருகிறார்கள்.

147 என்று இருந்த குழந்தைச் சாவு இப்போது இருபதை ஒட்டி வந்துவிட்டது.

இந்த இடத்தில் நமது ஆஸ்திக நண்பர்களை ஒரு வார்த்தை கேட்காமல் மேலே போக மனம் வரவில்லை. "ஆயுசு கெட்டி, ஆயுசு அற்பம் என்பதெல்லாம் தலையெழுத்து, பிறக்கும்போதே எழுதி அனுப்பப்படுகிறது" என்கிறீர்களே, சித்திலிங்கியில் ஆயிரத்துக்கு 147 என்று எழுதிக்கொண்டிருந்த கை 1993-க்குப் பிறகு என்ன ஆயிற்று? எழுத்தாணி தேய்ந்துவிட்டதா? அல்லது உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கண்டு பிரமன் பயந்துவிட்டானா?

வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. பச்சைக் குழந்தைகளைக் கொல்லுவது பெரும்பாலும் பெரிய வியாதிகளல்ல. பேதியில் உடம்பிலுள்ள நீர் வற்றிச் சாகிறது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினால் பெரும்பாலும் பிழைக்கிறது. இன்னொன்று, நெஞ்சில் சளி கட்டும் நிமோனியா. அதைச் சந்தேகிப்பதற்குக் கடிகாரம் இருந்தால் போதும். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை நிமிஷத்துக்கு 50 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், அதைத் தோஷம் என்று தாயத்துக் கட்டாமல் மருந்து கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். பிரசவமானவுடன் தாய்க்கு ரத்தம் கொட்டாமல் கர்ப்பப்பை சுருங்குவதற்கு ஓர் ஊசி இருக்கிறது. பிறந்த குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்போடு அணைத்து உடனே சீம்பாலைக் கொடுக்க வேண்டும். நம் ஜனங்களோ சீம்பாலைக் கறந்து கீழே ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரையும் கழுதைப் பாலையும் ஊட்டுகிற வழக்கத்தை இன்னும் முழுதும் விட்டபாடில்லை. இவற்றுள் எதற்கு ஐந்தரை வருஷப் படிப்பு வேண்டும்? வேண்டியது பயிற்சியும், நிதானமும், கூப்பிட்ட நேரத்துக்கு அந்தக் குடிசை வாசலில் வந்து நிற்கிற ஒரு ஆளும்தான்.

இதை நாம் வெறும் யூகத்தில் சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்ற காட்டு ஜில்லாவில் டாக்டர் அபய் பங்க், டாக்டர் ராணி பங்க் என்பவர்கள், கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த கிராமப் பெண்களுக்குப் பழக்கிக்கொடுத்து, பிறந்த குழந்தைக்குச் சீழ்க்காய்ச்சல் கண்டால் வீட்டிலேயே ஊசி போடவும் செய்தார்கள். "கிராமத்துப் பொம்பளை ஊசி போடுவதா?" என்று கேட்க ஆட்கள் இல்லாமல் இல்லை. பலன் என்ன? ஒரு மாதத்துக்குட்பட்ட சிசுக்களின் சாவு, இந்த ஏற்பாடு இல்லாத ஊர்களோடு ஒப்பிட நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. இது 1999-ல் லண்டன் 'லான்செட்' வைத்தியப் பத்திரிகையில் கணக்கோடு வெளியாயிற்று.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கிராமங்களுக்கு டாக்டர் போதவில்லை என்று 1965-ல் ட்யூக் சர்வகலாசாலையில் டாக்டர் யூஜின் ஸ்டெட் என்பவர், கப்பற்படையில் காயத்துக்குக் கட்டுப்போட்டுப் பழகிய நான்கு பேரைச் சேர்த்து 'பிசிஷியன் அசிஸ்டண்ட்' என்ற வகுப்பைத் தொடங்கினார். 1967-ல் மூன்று பேர் தேறி வெளியே வந்தார்கள். இன்று அந்த நாட்டில் அவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் 1975-ல் சுதந்திரமடைந்தபோது டாக்டர்களில் பெரும்பாலோர் மூட்டை கட்டிவிட்டார்கள். 1984-ல் அந்தச் சர்க்கார், டாக்டரல்லாத உதவியாளர்களுக்கே சத்திர சிகிச்சை கற்றுக்கொடுக்கத் தொடங்கியது. பிற்பாடு கணக்கெடுத்தபோது ஒரு சங்கதி வெளியாயிற்று. ஏழு வருஷம் கழித்து, ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பப்பட்ட உதவியாளர்களில் நூற்றுக்கு 88 பேர் அங்கேயே இருந்தார்கள். டாக்டர்களில் ஒருவரும் இல்லை! வேறு எதை மறந்தாலும் இந்த ஒரு கணக்கை நமது சுகாதார மந்திரிகள் மறக்கக் கூடாது.

நம் நாட்டிலே இந்த யோசனை புதிதென்று நினைப்பதும் தவறு. நீதிக்கட்சி சர்க்கார் 1924-25-ல் கிராமங்களில் போய்த் தங்கும் வைத்தியர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் திட்டத்தைச் சென்னை மாகாணத்தில் ஏற்படுத்திற்று. அன்றைக்கு எல்.எம்.பி. என்ற குறுகிய படிப்புப் படித்த டாக்டர்கள்தான் நாட்டில் அதிகம். போர் கமிட்டி 1946-ல் கொடுத்த கணக்கின்படி, பதிவு பெற்ற 47,524 டாக்டர்களில் 29,870 பேர் இந்தக் குறுகிய படிப்புக்காரர்கள். அந்தக் கமிட்டியேதான், இனிமேல் ஒரே தினுசு டாக்டர், ஒரே தினுசுப் படிப்பு என்று சிபார்சு செய்தது. கமிட்டியிலேயே சிலர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சிபார்சின் எண்ணம் உயர்ந்ததுதான்; எல்லோருக்கும் ஒரே தரமான வைத்தியம் வேண்டும் என்பதே அது. ஆனால் நடந்ததென்ன? கிராமத்திலிருந்த சின்ன டாக்டர் போனார். அவர் இடத்துக்குப் பெரிய டாக்டர் வரவில்லை. காலியான நாற்காலியில் மந்திரிக்கிறவனும், கழுத்தில் குழாயை மாட்டிக்கொண்டு எல்லா நோய்க்கும் ஒரே ஊசி போடுகிற போலி டாக்டரும் உட்கார்ந்தார்கள்.

இவ்வளவையும் சொன்னவுடன் இரண்டு பக்கத்திலிருந்து கோபம் வரும் என்பது நமக்குத் தெரியும். முதலாவது, டாக்டர்களின் சங்கத்தார். 2019-ல் தேசீய மெடிக்கல் கமிஷன் சட்டத்தில், நடுத்தரப் பயிற்சி பெற்றவர்களுக்கு வரம்புக்குட்பட்ட லைசென்சு கொடுக்கலாம் என்று 32-வது பிரிவு வந்தபோது நாடெங்கும் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உயிரோடு விளையாடுவதா என்று கேட்டார்கள். நியாயமான பயம் இதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் வேதத்தை இன்னார்தான் ஓதலாம், மற்றவர் காதில் விழுந்தாலே பாவம் என்று சொல்லி வந்த நாட்டில், அறிவுக்கு வேலி கட்டும்போது அதிலே எவ்வளவு பங்கு ஜனங்களின் நன்மை, எவ்வளவு பங்கு வேலிக்குள் இருப்பவர்களின் நன்மை என்று நாம் கணக்குப் பார்க்கத்தான் செய்வோம். டாக்டர் இருக்கிற இடத்தில் டாக்டரே பார்க்கட்டும். டாக்டரும் வரமாட்டார், டாக்டர் கற்றுக்கொடுத்தவரும் தொடக்கூடாது என்றால் மலைக்காரன் யாரிடம் போவது?

இரண்டாவது கோபம் நம்முடைய தோழர்களிடமிருந்தே வரும். அதைத்தான் நாம் பெரிதாக மதிக்கிறோம். "பட்டணத்தானுக்கு முழு டாக்டர், மலைக்காரனுக்கு அரை டாக்டரா? இதுவே ஒரு வருணாசிரமம் அல்லவா?" என்பார்கள். கேள்வி கூர்மையானது, இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக் கூடாது. பட்டணத்துப் பணக்காரனின் கதையைக் கொஞ்சம் பாருங்கள். பிசிஷியன் அசிஸ்டண்ட் படிப்பு நம் நாட்டில் 1992-ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில்தான் வந்தது. இருதய சத்திர சிகிச்சைக்குக் கைகொடுப்பதற்காக வந்தது. இருதயத்தில் அடைப்பு ஏற்பட்ட பணக்காரன் மேஜைமேல் படுத்திருக்கும்போது, அவன் காலைக் கீறி ரத்தக்குழாயை எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் இந்த உதவியாளர்தான். அதை அரை வைத்தியம் என்று அவன் சொல்வதில்லை. பில்லில் பணமும் குறைவதில்லை. அமெரிக்காவில் டாக்டரில்லாத கிராமத்துக்காகப் பிறந்த உத்தியோகம், இங்கே டாக்டர்கள் நிரம்பி வழியும் பட்டணத்துக்காகப் பிறந்தது என்பதுதான் அதிலுள்ள வேதனை. உதவியாளர் என்பவர் டாக்டரோடு சேர்ந்த கையாக இருக்கும்வரை அவர் அரையுமல்ல, காலுமல்ல. டாக்டருக்குப் பதிலாக அவரை நிறுத்தி, மேலே யாருமில்லாமல் விட்டால் அப்போது தோழர்கள் சொல்லுவது முற்றிலும் சரி. அன்றைக்கு அவர்களோடு சேர்ந்து நாமும் எதிர்ப்போம்.

ஆகையால் நிபந்தனைகளைத் தெளிவாகவே சொல்லுகிறோம். உதவியாளரின் மேல் கூப்பிட்டால் பேசுகிற, வந்து பார்க்கிற ஒரு டாக்டர் இருக்க வேண்டும். அவர் பெயர் ஊராருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உதவியாளர் எந்தெந்த மருந்தைத் தாமாகக் கொடுக்கலாம், எந்த அடையாளம் கண்டால் உடனே கீழே அனுப்ப வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தம்மை டாக்டர் என்று அவர் சொல்லிக்கொள்ளவும் கூடாது. ஜனங்களை அப்படி நினைக்கும்படி விடவும் கூடாது. இங்கிலாந்தில் இந்தக் கடைசி விஷயத்தில் ஏற்பட்ட குழப்பத்தால் பெரிய தகராறு மூண்டு, 2025-ல் வெளியான லெங் அறிக்கை, 'பிசிஷியன் அசோசியேட்' என்ற மயக்கமான பெயரையே மாற்றிப் பழையபடி அசிஸ்டண்ட் என்று வைக்கும்படியும், வியாதி இன்னதென்று தெரியாமல் முதல் முதலாக வரும் நோயாளியை அவர்கள் பார்ப்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றும் சொல்லிற்று. அந்த ஊரில் டாக்டர் அடுத்த அறையில் இருக்கிறார். நமது மலையில் அடுத்த அறையே இல்லை என்பதை வைத்துத்தான் நாம் நம் விதிகளைச் செய்துகொள்ள வேண்டும்.

பாம்புக்கடி விஷயம் ஒன்று போதும். கடித்த பாம்பு எது என்று அலசிக்கொண்டு, வாயால் உறிஞ்சி, கயிற்றால் இறுக்கி, பார்வை பார்க்கிறவன் வீட்டில் இரண்டு மணி நேரம் போக்கிவிட்டு, அதற்குப் பிறகு தொட்டில் கட்டித் தூக்கி வருகிறபோது ஆள் இருப்பதில்லை. விஷமுறிவு மருந்து இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது? 1978-ல் மாமல்லபுரம் பக்கத்தில் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் பிடித்துக் கறந்து கொடுக்கும் விஷம்தான் இந்த நாட்டு மருந்தில் பெரும்பகுதிக்கு மூலப்பொருள். விஷத்தைக் கையால் எடுத்துக் கொடுக்கிறவன் மலைவாசி, காட்டுவாசி. அதே மருந்து எட்டாமல் சாகிறவனும் அவனே. அந்த மருந்தை ஏற்றும்போது சிலருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாமல் மூச்சுத் திணறும்; அதைச் சமாளிக்கத் தெரிந்த ஆள் கிட்டே இருக்க வேண்டும். அந்த ஆளைத்தான் நாம் கேட்கிறோம்.

சட்டத்திலும் இப்போது இடம் இல்லாமல் இல்லை. 2021-ல் பார்லிமெண்ட் செய்த துணை மருத்துவத் தொழில்கள் கமிஷன் சட்டத்தின் அட்டவணையில் பிசிஷியன் அசிஸ்டண்டும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் பட்டம் படித்த அந்தப் பிள்ளைகள் பட்டணத்துத் தனியார் ஆஸ்பத்திரிகளில் வேலைக்கு அலைகிறார்கள், மலையிலோ ஆளில்லை. சித்தேரி, வத்தல்மலை, சித்திலிங்கி, பென்னாகரத்து மலையூர்கள் ஆகிய இடங்களின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் படிப்பில் இடம் ஒதுக்கி, படிப்புச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் சர்க்காரே ஏற்று, படித்து முடித்தவுடன் அவரவர் மலையிலேயே நிரந்தர வேலை கொடுத்தால் என்ன குடிமுழுகிப் போகும்? சொந்த ஊரில், சொந்த ஜனங்களின் பேச்சில், நல்ல சம்பளத்தோடு வேலை என்றால் அவர்கள் மாறுதல் கேட்டு மனுப்போடப் போவதில்லை.

சம்பளம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிற்று. வீட்டு வாசலுக்கே ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டுபோகிற அந்தத் திட்டத்தை நாம் மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் அந்த மாத்திரையைச் சுமந்து நடக்கிற பெண்ணுக்குத் 'தன்னார்வலர்' என்று பெயர். அவள் வாங்குவது 'ஊக்கத்தொகை'. சர்க்காரிலே ஃபைலைச் சுமக்கிறவனுக்குச் சம்பளம். மலையிலே மருந்தைச் சுமக்கிறவளுக்குத் தொண்டு! பெண்கள் செய்கிற வேலை என்றாலே அதற்குச் சேவை என்று பூமாலை போட்டு, கூலியைப் பாதியாக்கி விடுகிற தந்திரம் வீட்டு அடுப்படியில் ஆரம்பித்துச் சர்க்கார் கஜானாவரை வந்துவிட்டது. படித்தவளுக்குப் பதிவேட்டில் பெயரும், முதல் தேதியில் சம்பளமும், வயதானால் பென்ஷனும் கொடுக்கட்டும். பாராட்டுப் பத்திரத்தை மந்திரிகள் தங்களுக்குள்ளேயே கொடுத்துக்கொள்ளலாம்.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் தாலூக்காக்களிலுள்ள தோழர்கள் வரும் கிராமசபைக் கூட்டத்தில் சில கேள்விகளை எழுதிக் கொடுத்து, அவற்றைத் தீர்மானப் புத்தகத்திலும் ஏற்றச் சொல்ல வேண்டும். மலைப்பிரதேசத்தில் 3,000 ஜனத்துக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது விதி. நம் ஊருக்கு உரிய நிலையம் எது, அங்கே இரவில் யார் இருக்கிறார்கள்? சென்ற வருஷம் இந்த ஊராட்சியில் எத்தனை பிரசவம் வழியிலேயே நடந்தது? எத்தனை குழந்தைகள் ஒரு வயதுக்குள் மாண்டன, என்ன காரணத்தால்? விஷமுறிவு மருந்து எத்தனை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது? இவற்றுக்கு அதிகாரிகள் எழுத்தில் தருகிற பதில்களை நமக்கு அனுப்பிவைத்தால், ஊர் ஊராக இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.